தாத்தாவோட அம்பாசடர், அப்பாவோட 800

எங்க வீட்டு ஆல்பத்துல ரெண்டு ஃபோட்டோ இருக்கு. ஒண்ணுல தாத்தா ஒரு வெள்ளை அம்பாசடர் மேல சாஞ்சு நிக்கிறார். பின்சீட்ல மட்டும் ஆறு தலை தெரியுது. இன்னொண்ணுல அப்பா, சிவப்பு மாருதி 800, பானெட்ல சந்தனம் குங்குமம், டயருக்கு அடியில எலுமிச்சம்பழம். அந்த ஃபோட்டோவுல தாத்தா இல்ல. அப்பாவோட காருக்கு அவர் வச்ச பேரு "சோப்பு டப்பா". வீட்ல இது சின்ன சண்டை இல்லைங்க.

தாத்தா பக்கம் நியாயம் இருக்கு. அம்பாசடர் உண்மையில மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட்ங்கிற பிரிட்டிஷ் கார். 1950களோட கடைசியில கொல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவில் தயாராக ஆரம்பிச்சுது. 1489 சிசி இன்ஜின், ஒரு டன்னுக்கு மேல எடை, முன்னாடியும் பெஞ்சு மாதிரி நீள சீட், ஸ்டியரிங் பக்கத்துலயே கியர். மேடு பள்ளம் எதுவானாலும் போகும். ஆனா முப்பது வருஷத்துல முன்பக்க கிரில் மாறின அளவுக்குக்கூட கார் மாறல. ஏன் மாறணும்? எத்தனை கார் செய்யலாம்னு அரசாங்கம்தான் லைசென்ஸ் கொடுக்குது, இறக்குமதிக்கும் கட்டுப்பாடு, வாங்கறவங்க வருஷக்கணக்கா வரிசையில நிக்கிறாங்க. போட்டின்னா ஒரு ஃபியட், அப்புறம் நம்ம மெட்ராஸ்ல தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். (ஹெரால்டுக்குத் தனி எபிசோடே போடலாம்.)

1983 டிசம்பர் 14. டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் கையில முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுக்கிறார். விலை சுமார் 50 ஆயிரம் ரூபாய். மூணு சிலிண்டர், 796 சிசி, அம்பாசடர் இன்ஜின்ல பாதிதான். ஆனா காரோட எடையும் கிட்டத்தட்ட பாதிதானே! இன்ஜின் முன்சக்கரத்தையே இழுக்குது, அதனால காருக்கு அடியில பின்சக்கரம் வரைக்கும் ஓடற நீளத் தண்டு தேவையில்ல. அவ்வளவு சின்ன காருக்குள்ள நாலு பேர் உட்கார முடிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கதான் எனக்கு ஒரு சின்ன வருத்தம். "அரசாங்கம் கெடுத்துச்சு, தனியார் வந்து காப்பாத்துச்சு"ன்னு இந்தக் கதையை எல்லாரும் சுருக்கிச் சொல்லிடறாங்க. அப்படி இல்ல. சஞ்சய் காந்தி 1971-ல ஆரம்பிச்ச மாருதி கம்பெனி நொடிச்சுப்போச்சு. அதை எடுத்துக்கிட்டது அரசாங்கம். 1982-ல சுசூகி உள்ள வந்தப்போ அவங்க பங்கு வெறும் 26 சதவீதம். அதாவது 800-உம் சர்க்கார் வண்டிதான்! மத்தவங்களுக்குப் பூட்டி வச்ச கதவை, அரசாங்கம் தன் கம்பெனிக்குத் திறந்துவிட்டுது.

முடிவும் ஒண்ணாவே வந்துச்சு. 2014 ஜனவரியில 800 உற்பத்தி நின்னுது. அதே மே மாசம் உத்தர்பாராவும் மூடியாச்சு.

தாத்தா அதுக்கு முன்னாடியே போய்ட்டார். கடைசி வருஷம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதெல்லாம் சோப்பு டப்பாதான். ஒரு மே மாச மத்தியானம் முன்சீட்ல உட்கார்ந்துட்டு, அப்பாவைப் பார்க்காமலே சொன்னாராம்: "ஏசி மட்டும் நல்லா வச்சிருக்கான்டா."