மாருத் பறந்துச்சு... இன்ஜின்தான் இடிச்சுச்சு!

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்க்கப் போயிருக்கீங்களா? அங்கே நிற்கும்போது வானத்தில் ஜெட் உறுமினால், அது தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தின் சுகோய்-30 ஆக இருக்கலாம். அதன் இன்ஜின் ரஷ்ய வடிவமைப்பு. அப்போ நம்ம இன்ஜின்?

ஜெட் இன்ஜின் வேலை கேட்க ஈஸிதான். காற்றை இழுத்து அழுத்தணும், எரிபொருளைக் கலந்து எரிக்கணும், பின்னால் பீய்ச்சணும். வெளியேறும் வாயு டர்பைனைச் சுற்ற, டர்பைன் முன்னால் உள்ள கம்ப்ரஸரை ஓட்டும். பிரிட்டனின் ஃபிராங்க் விட்டில் 1930-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டார். முதல் ஜெட் விமானம் பறந்தது 1939-ல், ஜெர்மனியில்.

அதே ஜெர்மனியின் வடிவமைப்பாளர் கர்ட் டாங்க், 1956-ல் பெங்களூரு ஹெச்.ஏ.எல்-லுக்கு வந்தார். அவர் குழு வடிவமைத்த 'மாருத்' 1961 ஜூன் 17-ல் பறந்தது. இலக்கு, ஒலியைப்போல இரு மடங்கு வேகம். ஆனால், நம்பியிருந்த 'ஆர்ஃபியஸ் 12' இன்ஜினை பிரிட்டன் கைவிட்டது. செலவை ஏற்க இந்தியாவும் தயாரில்லை. சின்ன ஆர்ஃபியஸ் ரெண்டை மாட்டினாங்க. ஒலிவேகத்தைத் தொடவே மாருத் திணறியது! எகிப்து இன்ஜினையும் பொருத்திப் பார்த்தாங்க, அதுவும் பாதியில் நின்னுபோச்சு. கூடுதல் உந்துவிசைக்காக ஆஃப்டர்பர்னர் பொருத்திய மாருத்தை ஓட்டிய சோதனை விமானி சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரியில் விபத்தில் இறந்தார். எனக்கு இந்தக் கதையில் மறக்கவே முடியாத இடம் இதுதான்.

1989-ல் 'காவிரி' இன்ஜின் திட்டம் தொடங்கியது. அதை நம்பியிருந்த தேஜஸ், 2001-ல் அமெரிக்க இன்ஜினோடுதான் பறந்தது. சிக்கல் சூட்டில் இருக்கு: டர்பைன் இறக்கைகள் தங்கள் உருகுநிலையைத் தாண்டிய வாயுவுக்குள் சுழலணும். இப்போ ஆஃப்டர்பர்னர் இல்லாத காவிரியை, ஆளில்லா விமானத்துக்காகச் சோதிச்சுக்கிட்டு இருக்காங்க.