குதிரையின் வயிற்றுவார்: சரியானதைத் தெரிவு செய்வது எப்படி?

கடந்த ஏப்ரலில் வசந்தகாலக் கொண்டாட்டம் பற்றி எழுதுவதற்காக நுவரெலியா போயிருந்தேன். கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் மட்டக்குதிரைகளையும் நிறையப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரியப்பாவுக்குக் காட்டியபோது ஒரு படத்தில் அவர் விரலை வைத்தார். குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால், சேணத்தின் வார் போகும் இடத்தில், மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. படம் எடுத்த எனக்கு அது தெரியவில்லை.

“உது வார் உரஞ்சின புண், தம்பி” என்றார்.

பெரியப்பா மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலை முழங்காலுக்கு மேலே தோல் வாரால் கட்டி இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நடக்கிறார். “வார் பிழைச்சா நடையும் இல்லை, நித்திரையும் இல்லை. எனக்கு வாயிருக்கு, சொல்லுறன். உந்தச் சீவன் ஆரிட்டச் சொல்லும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் மறுபடி நுவரெலியா போனேன். குதிரை பார்க்கும் தொழிலாளர்களோடும் ஒரு மிருக வைத்தியரோடும் பேசினேன், வாசித்தேன். அதில் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வயிற்றுவாரின் வேலை

சேணம் குதிரையின் முதுகில் ஒட்டி நிற்பதில்லை. நெஞ்சின் கீழால் சுற்றி வந்து இரண்டு பக்கமும் பக்கிளில் மாட்டப்படும் பட்டிதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் கேர்த் எனப்படும் அதை வயிற்றுவார் என்று சொல்லலாம். பெயரில் வயிறு இருந்தாலும் அது கிடப்பது நெஞ்சுக்கூட்டின் மேல். வார் தளர்ந்தால் சேணம் சரிந்து ஏறியவர் விழுவார். அளவுக்கு மீறி இறுகினால் நெஞ்சு விரியவும் முன்னங்கால் வீசவும் குதிரை கஷ்டப்படும்.

எந்த இடத்தில் இருக்க வேண்டும்?

முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், நெஞ்சுக்கூடு ஒடுங்கும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. எங்கே கட்டினாலும் குதிரை நடக்க நடக்க வார் அந்தப் பள்ளத்துக்கே நகர்ந்து வந்துவிடும். முழங்கைக்கும் வாருக்கும் இடையில் நான்கு விரல் அகலமாவது இருந்தால் நல்லது. சில குதிரைகளுக்கு இந்தப் பள்ளம் முன்தள்ளி இருக்கும். அவற்றுக்கு நேரான வாரைக் கட்டினால் முழங்கையில் உரசும், சேணமும் முன்னால் இழுபட்டுத் தோளில் முட்டும்.

பிரித்தானிய ஆய்வாளர்கள் வாரின் கீழ் அழுத்தத்தை அளந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அழுத்தம் அதிகமாக விழுந்தது பலரும் நினைப்பதுபோல மார்பெலும்பின் நடுவில் அல்ல, முழங்கைக்குப் பின்னால் என்று அதில் தெரியவந்தது. அந்த இடத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் வடிவத்தில் வாரைக் கட்டியபோது குதிரைகள் முன்னங்காலை இன்னும் நீட்டி வைத்தன. பெரியப்பா விரல் வைத்ததும் அதே இடத்தில்தான்.

நீளத்தை அளப்பது

சேணத்தையும் கீழ்விரிப்பையும் குதிரையின் மேல் வைத்து, சேணத்தில் தொங்கும் சிறு வாரின் நடு ஓட்டையிலிருந்து நெஞ்சின் கீழால் மறுபக்கத்து நடு ஓட்டை வரை அளவுநாடாவைப் பிடியுங்கள். பக்கிள் நுனியிலிருந்து பக்கிள் நுனி வரை உங்களுக்குத் தேவையான நீளம் அதுதான். வார்கள் பெரும்பாலும் இரண்டு இரண்டு அங்குல வித்தியாசத்தில் கிடைக்கும். சாதாரண சேணத்துக்கு மட்டக்குதிரைகளுக்குப் பெரும்பாலும் 36 தொடக்கம் 44 அங்குலமும், பெரிய குதிரைகளுக்கு 48 தொடக்கம் 54 அங்குலமும் தேவைப்படும். ஆனால் குதிரையின் உடல்வாகும் சேணமும் மாறும்போது அளவும் மாறும். ஆகவே ஊகிக்காமல் அளந்தே வாங்குங்கள்.

இறுக்கிய பிறகும் மேலே இரண்டு ஓட்டையாவது மீதி இருக்க வேண்டும். இரண்டு பக்கப் பக்கிள்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நீளமான சிறு வார்கள் உள்ள சேணங்களுக்குக் கட்டை வார் பூட்டுவார்கள். அதன் பக்கிள் முழங்கையின் மட்டத்துக்கு வந்தால் ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும். அப்படியானால் வேறு நீளம் எடுக்க வேண்டும்.

எந்தப் பொருளில் வாங்குவது?

*தோல்:* நீண்டகாலம் உழைக்கும், உடலோடு படியும். ஒவ்வொரு முறையும் வியர்வையைத் துடைத்து, இடைக்கிடை சேணச் சவர்க்காரமும் எண்ணெயும் போட வேண்டும். காய்ந்து வெடித்த தோல் அரத்தைப்போல அராவும்.

*பருத்தி:* காற்றோட்டம் உண்டு, கழுவலாம், விலையும் குறைவு. வியர்வையில் ஊறிக் காய்ந்தால் விறைத்துவிடும். அடிக்கடி கழுவ வசதி உள்ளவர்களுக்கே பொருந்தும்.

*நியோபிரீன்:* தண்ணீரில் அலசினால் போதும், சேணம் வழுக்காது. ஆனால் காற்று போகாது, சூடு தங்கும். எங்கள் வெயிலில் தோல் மென்மையான குதிரைகளுக்குக் கவனமாகப் பாவிக்க வேண்டும்.

*செம்மறித்தோல் உறை:* புண் ஆறிய இடத்துக்கு இதமாக இருக்கும். மண்ணும் புல்விதையும் ஒட்டிக்கொள்வதால் தினமும் உதற வேண்டும்.

எதை வாங்கினாலும் அகலமும் மென்மையுமான விளிம்பு உள்ளதாகப் பாருங்கள். ஒடுங்கிய வார் அழுத்தத்தை ஒரே கோட்டில் குவிக்கும். முழங்கைக்குப் பின்னால் உள்பக்கம் வளைத்து வெட்டிய வார்கள் உரசலைக் குறைக்கும்.

இலாஸ்டிக் வைத்த வாரானால் இரண்டு நுனியிலும் இருப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சேணம் ஒரு பக்கமாக இழுபடக்கூடும். இலாஸ்டிக் இலகுவாக இழுபடுவதால் தெரியாமலே அளவுக்கு மீறி இறுக்கிவிடவும் கூடும்.

கட்டும் முறை

வாரின் உள்பக்கத்தையும் குதிரையின் நெஞ்சையும் முதலில் கையால் தடவிப் பாருங்கள். ஒரு மண் உருண்டை இருந்தாலும் புண் வர அது போதும்.

ஒரே இழுவையில் இறுக்க வேண்டாம். பல குதிரைகள் வார் படும்போது மூச்சைப் பிடித்து நெஞ்சை உப்பும். முதலில் சேணம் நிற்கும் அளவுக்கு மட்டும் கட்டுங்கள். சில நிமிடம் நடத்திய பிறகு ஒவ்வொரு ஓட்டையாக, இரண்டு பக்கமும் சமமாக இறுக்குங்கள். பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் நீட்டிவிட்டால் வாருக்குள் மடிந்த தோல் நேராகும்.

இறுக்கத்தைப் பார்க்க, இரண்டு விரல்களைத் தட்டையாக வாருக்குள் நுழையுங்கள். சற்றுச் சிரமப்பட்டு நுழைந்தால் சரி. பக்கத்தில் பள்ளம் இருப்பதால் அங்கே தளர்வாகத் தோன்றும். முன்னங்கால்களுக்கு இடையில், நெஞ்சின் அடியில் வைத்துப் பாருங்கள்.

சேணத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று சிறு வார்கள் இருந்தால், பெரும்பாலான சேணங்களில் முதலாவது தனிப் பட்டியிலும் மற்ற இரண்டும் ஒரே பட்டியிலும் தைக்கப்பட்டிருக்கும். ஆகவே இரண்டு பக்கிள்களில் ஒன்றை எப்போதும் முதலாவது வாரில் மாட்டுங்கள். ஒரு பட்டி அறுந்தாலும் மற்றது தாங்கும்.

புண் வந்துவிட்டால்

மயிர் உதிர்தல், வீக்கம், சூடு, தொட்டால் துடித்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். உப்புக் கரைத்த சுத்தமான நீரால் கழுவி, முழுவதும் ஆறும் வரை சேணம் போடாமல் விட வேண்டும். சீழ் வைத்தாலோ ஆறாமல் இழுத்தாலோ மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஒரு குதிரையின் வாரைக் கழுவாமல் இன்னொன்றுக்குக் கட்டினால் படர்தாமரை போன்ற தோல் நோய்கள் தொற்றும்.

ஆறும் வரை விடு என்று சொல்வது எனக்கு இலகு. வாவிக் கரையில் குதிரை பிடிக்கும் அண்ணன் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார்: “சீசன்ல ஒரு நாள் நின்னா அந்த நாள் சாப்பாடு இல்லைங்க. ஆனா புண்ணோட ஓட்டினா அடுத்த மாசம் குதிரையே இல்லை. காதைப் பின்னால மடிச்சு, திரும்பிக் கடிக்க வந்தா அது கோபம் இல்லைங்க, வலி.” கிழிந்த வாருக்குப் பதிலாகப் பழைய போர்வையை மடித்துத் தைத்து அவர் ஒரு உறை செய்திருந்தார். தினமும் இரவு கழுவிப் போடுவாராம்.

சவாரி போகிறவர்கள் பார்க்க வேண்டியது

பிள்ளைகளைக் குதிரையில் ஏற்ற முன் அரை நிமிடம் ஒதுக்குங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். புண் இருந்தால் அந்தக் குதிரையில் ஏற வேண்டாம், ஏன் ஏறவில்லை என்பதையும் குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். வார் தளர்வாகத் தெரிந்தால் இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை எடுத்த படங்களையும் பெரியப்பாவுக்குக் காட்டினேன். போர்வை உறை போட்ட வாரை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் காலின் வாரைக் கழற்றி, உரசும் இடத்தைக் காட்டி, “இதுக்கும் உப்பிடி ஒண்டு தைக்கலாம் போல கிடக்கு” என்றார். அடுத்த நாள் பெரியம்மாவின் பழைய பருத்திச் சேலையில் தைத்தோம்.