அபாயச் சங்கின் சந்தை

ஊரையே ஒரு நொடியில் எழுப்பும் அபாயச் சங்கு பிறந்தது ஆய்வுக்கூடத்தில். 1819இல் பிரெஞ்சு அறிஞர் சார்ல் காஞ்யார் த லா தூர், துளையிட்ட வட்டத்தகடு ஒன்றைக் காற்றோட்டத்தின் குறுக்கே சுழலவிட்டார். துளைகள் நேர்ப்பட்டால் காற்று பீறிடும், விலகினால் அடைபடும். நொடிக்கு எத்தனை பீறிடலோ அதுவே ஒலியின் அதிர்வெண். சுருதியை எண்ணி அளக்கத்தான் அந்தக் கருவி. பிறகு மின்மோட்டார் வந்தது, போரும் வந்தது. கருவி கூரைமேல் ஏறிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் சைரனில் ஒரே தண்டில் இரண்டு சுழலிகள் இருக்கும். ஒன்றில் 10 வாய், மற்றதில் 12. ஆகவே 5:6 விகிதத்தில் இரு சுருதிகள் சேர்ந்து எழும். நம் சங்கீதக் கணக்கில் ஸட்ஜமும் சாதாரண காந்தாரமும்! மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தால் ஓலம் ஏறி இறங்கும், அது ஆபத்து. ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கிற்று என்று பொருள். அமெரிக்காவிலோ அதே சீரான ஊதலுக்கு, வானொலியைத் திருப்பிக் கேள் என்று பொருள் வைத்தார்கள்.

விற்பனை சூடுபிடித்தது அங்கேதான். 1949இல் சோவியத் அணுகுண்டு வெடித்தது. 1951 தொடக்கத்தில் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நகரம் பாதி போட்டால் நடுவண் அரசு பாதி தரும் என்றானது. கார்க் கம்பெனியான கிறைஸ்லர்கூட 1952இல் கடை விரித்தது. 180 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சின், ஆறு கொம்புகள், 12 அடி நீளம், ஏறத்தாழ மூன்று டன் எடை. 100 அடி தொலைவில் 138 டெசிபல். ஆனால் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கு எண்ணெயும் பேட்டரியும் யார் பார்ப்பது? பல அங்கேயே துருப்பிடித்தன. 1957வாக்கில் தயாரிப்பு நின்றது. சிகாகோவின் ஃபெடரல் சிக்னல் கம்பெனி விற்ற ‘தண்டர்போல்ட்’ மின்சாரத்தில் ஓடியது. தனி ஊதுவிசிறி சுழலிக்குள் காற்றைத் திணிக்க, கொம்பு சுற்றிச் சுற்றி நாலா திசைக்கும் ஒலியை வீசியது.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. டெசிபல் அளவு 100 அடியில் எடுத்தது. தூரம் இரட்டிக்க இரட்டிக்கப் பத்துப் பத்தாகக் குறையும் என்பது திட்டமிடுவோர் கொள்ளும் பொது விதி. 125 டெசிபல் சைரன் 200 அடியில் 115, 400 அடியில் 105. 3,200 அடியில் வெறும் 75. கேட்பதற்கு 70 வேண்டும் என்று வைத்தால் ஒரு மைல்கூடத் தேறாது. அதுவும் வெளியில் நிற்பவருக்கு. சன்னலை மூடி ஏசி போட்டுத் தூங்குகிறவரை எழுப்புவதாக எந்த விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சத்தத்தை வாங்கிவிடலாம். அதன் பொருளை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. 1959 செப்டம்பர் 22 இரவு, வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி வென்ற களிப்பில் சிகாகோ தீயணைப்பு ஆணையர் ராபர்ட் குவின் நகரத்துச் சைரன்களை ஐந்து நிமிடம் ஊதவிட்டார். ரஷ்யக் குண்டு வருகிறதென்று ஜனங்கள் நடுங்கிப் போனார்கள். மறு ஆண்டு ஹவாய்த் தீவின் ஹிலோவில் நேர்மாறு. மே 22 இரவு எட்டரை மணிவாக்கில் சைரன் ஊதியது. சுனாமி வந்ததோ நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு. நாலு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தும் 61 பேர் மாண்டார்கள். முன்பு கட்டம் கட்டமாக ஊதிய முறையைச் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரே ஊதலாக மாற்றியிருந்தார்கள். பலரும் அடுத்த ஊதலுக்குக் காத்திருந்தார்கள்.

இதற்குப் பின்னும் சந்தை வளரவே செய்தது. 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்துக்குப் பிறகு, அந்நாட்டின் ஒவ்வொரு அணுமின் நிலையத்தைச் சுற்றியும் பத்து மைல் வட்டாரத்துக்கு விரைந்து எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயமாக, உலைகளைச் சுற்றிச் சைரன் கம்பங்கள் முளைத்தன. ரேடியோ அலையில் இயக்கும் வசதியும் வந்தது. கூடவே வம்பும் வந்தது. 2017 ஏப்ரலில் யாரோ போலிச் சமிக்ஞை அனுப்பி, டாலஸ் நகரின் 156 சைரன்களையும் நள்ளிரவில் அலறவிட்டார்கள்.

2023 ஆகஸ்டில் ஹவாயின் மாவி தீவிலுள்ள லஹைனா நகரம் எரிந்தபோது ஒரு சைரனும் ஊதவில்லை. ஊதினால் சுனாமி என்றெண்ணி மக்கள் மலைப்பக்கம், தீயை நோக்கியே ஓடியிருப்பார்கள் என்றார் பொறுப்பிலிருந்த அதிகாரி. மறுநாளே பதவி விலகினார். அவர் அச்சம் பொய்யல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சைரன்கள் காட்டுத்தீக்கும் உரியவை என்று ஹவாய் அரசின் சொந்த அறிவிப்பிலேயே இருந்தது.