புற்றுநோய்ச் சிகிச்சையும் சுக்கும்: திருவண்ணாமலையிலிருந்து ஒரு வரலாறு

புற்றுநோய்க்கு ஆங்கில மருத்துவமா, நாட்டு மருந்தா என்ற வழக்கு திருவண்ணாமலையில் மிகுதியாகப் பேசப்பட்ட ஆண்டு 1949. ரமண மகரிஷியின் (1879–1950) இடக்கையில், முழங்கைக்குக் கீழே, 1948-இன் இறுதியில் ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அது அகற்றப்பட்டது. அடுத்த மாதமே பெரிதாகத் திரும்பியது. சார்கோமா வகைப் புற்று என்று தெரிந்தபின் மார்ச், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் மேலும் மூன்று அறுவைகள் நடந்தன. ரேடியச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. கையையே எடுத்துவிடலாம் என்ற மருத்துவர்களின் யோசனையை அவர் ஏற்கவில்லை. இடையில் பச்சிலைக் கட்டு, ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று அன்பர்கள் கொண்டுவந்த முறைகளும் முயலப்பட்டன. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு அவர் மறைந்தார்.

அந்த வாதம் முழுவதும் கட்டியைக் கரைப்பது பற்றியது. மூலிகை அதில் தோற்றது என்றால் ரேடியமும் கத்தியும் தோற்றன என்றும் சொல்ல வேண்டும். ஆனால் மூலிகைக்கு உண்மையில் இடமிருந்த இன்னொரு வேலை அப்போது பேச்சிலேயே இல்லை: சிகிச்சை தரும் குமட்டலைத் தணிப்பது. அதற்குக் காரணம் உண்டு. வயிற்றிலோ தலையிலோ படும் கதிர்வீச்சுதான் பெரும்பாலும் குமட்டலைத் தரும், கையில் படுவது அரிது. ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்லும் கீமோதெரபியோ 1940-களில்தான் அமெரிக்காவில் தொடங்கியிருந்தது.

சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் நிலையம் 1954-இல் திறக்கப்பட்டது. கீமோதெரபி பரவியபோது வாந்தியும் உடன் வந்தது. மெட்டோகுளோப்ரமைடு 1960-களில் அறிமுகமானது. ஒண்டான்செட்ரான் 1991-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவரை சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தை ஏற்றிக்கொள்வது கடும் சோதனை. வாந்திக்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் உலகெங்கும் இருந்தனர். வாந்தியை அடக்குவது வெறும் சௌகரியம் அன்று.

குமட்டலுக்கு நம் வீடுகளில் கைமருந்து எப்போதும் இருந்தது. இஞ்சிச் சாறும் தேனும், ஏலக்காய், நாரத்தங்காய் ஊறுகாய், கறிவேப்பிலைத் துவையல். சித்த மருத்துவத்தில் ஏலாதி சூரணமும் மாதுளை மணப்பாகும் பித்த வாந்திக்குத் தரப்படுபவை. கிரிவலப் பாதையில் விற்கும் சுக்குக் காபியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இஞ்சியும் சுக்கும் ஒன்றல்ல என்பது நம் மரபு; வேதியியலும் அதையே சொல்கிறது. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. குமட்டலைத் தூண்டும் செரோட்டோனின் ஏற்பிகளை இவை இரண்டும் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஒண்டான்செட்ரான் தடுப்பதும் அதே வகை ஏற்பியைத்தான்.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. எலும்புச் சார்கோமாவுக்குக் கடுமையான கீமோதெரபி பெற்ற சிறாருக்கும் இளைஞருக்கும், வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகளோடு சேர்த்து இஞ்சிப் பொடி தரப்பட்டது. பொடி பெறாத தரப்பில் 93.3 சதவீதத்தில் மிதமான அல்லது கடுமையான உடனடிக் குமட்டல் இருந்தது. பொடி பெற்ற தரப்பில் 55.6 சதவீதத்தில். 2012-இல் அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் செய்த ஆய்விலும் முதல் நாள் குமட்டல் குறைந்தது. அதிகம் பலனளித்தவை நாளொன்றுக்கு அரை கிராமும் ஒரு கிராமும். ஒன்றரை கிராம் அல்ல. கூட்டினால் கூடும் என்று நினைக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்கலாம். எல்லா ஆய்வுகளும் இப்படி ஒத்துவரவில்லை. சிலவற்றில் பலன் தென்படவில்லை.

இரண்டு ஆய்வுகளிலும் இஞ்சி துணை மருந்துதான். மாத்திரையை நிறுத்திவிட்டு யாருக்கும் அது தரப்படவில்லை. ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும் சுக்கு, இஞ்சி லேகியம் எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. ரத்தக் கசிவு கூடும் வாய்ப்பு உண்டு.