கூடை சுமந்த ராஜாக்கள்

பழவேற்காடு ஏரிக்கரைச் சேரியில் பிறந்தவன் நான். எங்க ஆயா ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணியில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பாள். யார் எந்த நாளில் எங்கே வலை விரிப்பது என்பதற்கு ஏரியில் 'பாடு' முறை உண்டு. அதில் எங்களுக்கும் இருளருக்கும் இடமில்லை. ஆரணியாற்றுக் கரை உடைந்தால் மட்டும் மண் கொட்ட எங்களைக் கூப்பிடுவார்கள்.

கல்லூரியில் படித்தபோது ஆயாவுக்குக் கரிகாலன் கதை சொன்னேன். காவிரி வெள்ளத்தைத் தடுக்க அவன் எழுப்பிய கரைக்குப் பகை மன்னர்கள் கூடையில் மண் சுமந்தார்கள் என்கிறது வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டு. ஆயா கேட்டாள்: "எந்த ராஜாடா கூட தூக்குனான்? சும்மாடு கட்டத் தெரியுமா அவனுக்கு?"

இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்டதில்லை. சோழன் பெருமைக்காகக் கூடையைத் தூக்கி இன்னொரு ராஜா தலையில் வைத்துவிட்டான் எழுதியவன். சிங்கள நூலான ராஜாவலிய வேறு கதை சொல்கிறது. சோழ மன்னன் இலங்கையிலிருந்து 12,000 பேரைப் பிடித்துவந்து காவிரிக் கரையில் வேலை வாங்கினானாம். கஜபாகு வந்து மீட்டானாம். அதுவும் பல நூற்றாண்டு கழித்து எழுதியதுதான், எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஆனால் ராஜாக்கள் சுமந்ததைவிடச் சிறைப்பட்ட சனங்கள் சுமந்தது நம்பும்படி இருக்கிறது.

கல்லணையின் நுட்பத்தை நான் மறுக்கவில்லை. ஆற்று மணலில் பெருங்கல்லைப் போட்டால் அது புதைந்து இறுகும். அதன்மேல் களிமண்ணோடு அடுத்த கல். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இங்கேதான் கற்றார். தாழ்ந்த கொள்ளிடத்துக்கு ஓடும் தண்ணீரைக் காவிரியிலேயே நிறுத்துவது அணையின் வேலை; வெள்ளம் வந்தால் மிச்சம் கொள்ளிடத்தில் விழும். வெள்ளம் எங்கும் தொலைந்துபோவதில்லை, பக்கம் மாறுகிறது. எந்தப் பக்கம் என்று மண் சுமந்தவனை யாரும் கேட்டதில்லை.

கேட்காததை வெள்ளைக்காரன் சட்டமாகவே எழுதினான். 1858ஆம் வருஷத்து சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டப்படி, ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால் உடல்வலுவுள்ள உழைப்பாளி வந்தே தீரவேண்டும். மறுத்தால் தண்டனை. உழைப்பாளி என்றால் ஊருக்குள் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயா இப்போது இல்லை. மேலே பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாறு ஏரிக்கு வருகிறது. முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் கடலுக்குப் போக வழியில்லாமல் எங்க பள்ளத்தெருவில் நிற்கிறது. போன மழைக்கும் சாக்கில் மணல் கட்டி அடுக்கியது எங்க தெரு ஆளுங்கதான். கூலி இன்னும் பாக்கி.