எக்ஸ்பிக்குள்ள கிடக்கிற எங்கட வரலாறு

வரலாறு அழிஞ்சது எண்டால் எங்களுக்கு உடன ஞாபகம் வாறது 1981தான். அந்த ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஆனால் நெருப்பே இல்லாமல் அழிந்துகொண்டிருக்கிற ஒரு காலமும் எங்களிடம் உண்டு. அதைப் பாமினிக் காலம் எண்டு சொல்லலாம்.

அரியாலையில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சடிப்பது வழமை. வம்சாவளி, பிறந்த வளவு, 1995 இடப்பெயர்வில் போய் இருந்த இடம் எல்லாம் அதில் வரும். 2000களில் இவற்றையும் கோயில் மலர்களையும் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில்தான் அடித்தார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001இல். இன்றைய இண்டிசைன் அந்தக் கோப்புகளைத் திறக்காது.

பாமினியின் சிக்கல் வேற. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. 'தமிழ்' எண்ட சொல்லை அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி எண்டுதான் சேமிக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் உங்கட அம்மம்மாவின்ர பெயரும் இப்படித்தான் தெரியும்.

இதற்கு நாங்கள் பார்த்த வழி மெய்நிகர்க் கணினி. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல நடிக்க வைப்பது. ஐபிஎம் 1960களிலேயே செய்த வேலை. வெர்ச்சுவல்பொக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, பேஜ்மேக்கரையும் பாமினியையும் போட்டால் பழைய கோப்பு வடிவாகத் திறக்கும். இணையத்தை மட்டும் துண்டித்துவிட வேணும். 2014 ஏப்ரல் 8இற்குப் பிறகு எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. திறந்ததும் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, எழுத்தை யுனிகோட்டுக்கு மாற்றலாம். மூலக் கோப்பையும் அழிக்கக்கூடாது. மாற்றும்போது எழுத்து பிசகினால் ஒப்பிட அது வேணும்.

2010இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் சல்மான் ருஷ்டியின் பழைய மக் கணினியை இதேபோல உயிர்ப்பித்து ஆய்வாளர்களுக்குத் திறந்தது. ருஷ்டிக்குப் பல்கலைக்கழகம் இருக்கு. அரியாலைக் கல்வெட்டுக்கு நாங்கள்தான்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சான பிரதிகளை எண்ணிமப்படுத்துகிறது. அச்சில் இடம் காணாமல் வெட்டிய பக்கங்கள் கோப்பில் மட்டும்தான் இருக்கும். ஊர் அச்சகங்களில் பழைய சீடிகளை எறிய முதல் ஒருக்கா கேட்டு வாங்குங்கோ. சீடியும் கனகாலம் தாங்காது.