உப்பு மேல பழி போடாதீங்க: மரக்காணத்துல மாட்டின பிரேக்கும் ஒரு சின்ன ஓட்டையோட கதையும்

இந்த எபிசோட் வழக்கம்போல ஒரு ராஜாவையோ போரையோ பத்தி இல்ல. கார் பிரேக்குக்குள்ள இருக்குற ஒரு ஓட்டையைப் பத்தி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம். இந்த ஓட்டையைத் தெரியாமலேயே நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு முடிச்சேன். தெரிஞ்சுக்கிட்டது மரக்காணம் உப்பளத்து ஓரத்துல, உச்சி வெயில்ல.

நடந்ததை முதல்ல சொல்லிடறேன். அப்பாவோட பழைய கார்ல பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கசிய ஆரம்பிச்சது. சென்னையில ஒரு ஒர்க்‌ஷாப்புல புதுசு மாத்தினோம். வண்டியை எடுத்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "டேய், பெடல் எவ்ளோ டைட்டா இருக்கு பாரு, கால் வெச்சாலே பிடிக்குது." எங்க ரெண்டு பேருக்கும் சந்தோஷம். அதுதான் நோயோட முதல் அறிகுறின்னு அப்போ தெரியல.

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில புதுச்சேரி கிளம்பினோம். ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்புற கடப்பாக்கம் தாண்டினதும் வண்டி இழுக்க மாட்டேங்குது. ஆக்சிலரேட்டர்ல இருந்து கால் எடுத்தா உருளாம நிக்கப் பார்க்குது. மரக்காணம் தாண்டினதும் கருகல் வாசனை. ரெண்டு பக்கமும் உப்புப் பாத்தி, நடுவுல நாங்க. முன் சக்கரம் ரெண்டும் கிட்டத்தட்ட பூட்டு போட்ட மாதிரி. நான் தண்ணி பாட்டிலை எடுத்து டிஸ்க் மேல ஊத்தப் போனேன். அப்பா கையைப் பிடிச்சுட்டார். கொதிக்கிற இரும்புல தண்ணி பட்டா கோணிக்கும், விரிசல் விடும். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஆறினதும் சக்கரம் தானா விட்டுடுச்சு. கிளம்பினோம். சில கிலோமீட்டர்ல மறுபடியும் அதே கதை.

அப்பாவோட தீர்ப்பு உடனே வந்துடுச்சு: "உப்புக் காத்துடா. காலிப்பர் துரு ஏறிப் பிடிச்சிருக்கு. ரெண்டையும் மாத்தணும்." சுத்திப் பார்த்தா வெள்ளை வெளேர்னு உப்பு. நானும் நம்பிட்டேன். போன்ல காலிப்பர் விலை தேட ஆரம்பிச்சேன்.

உப்பு வண்டியும் மாற்று அச்சும்

இங்க கொஞ்சம் பின்னாடி போகலாம். மரக்காணத்துக்கு உப்பு நேத்து வந்ததில்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்ற துறைமுகம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நெய்தல் நிலத்து உப்பை மாட்டு வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உமணர்கள். மேடும் பள்ளமுமான வழி. வழியில் அச்சு முறியலாம். அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். புறநானூற்றின் 102-வது பாடலில், ஆபத்துக்கு உதவும் ஒரு தலைவனை அவ்வையார் அந்த மாற்று அச்சோடு ஒப்பிடுகிறார். அதாவது, உப்பு ரோட்டுல வண்டி மக்கர் பண்றதும், அதுக்கு முன்னாடியே யோசிச்சு வைக்கிறதும் நமக்கு ரொம்பப் பழைய விஷயம். இந்த மாற்று அச்சை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

கம்பியில இருந்து திரவத்துக்கு

ஆரம்பகாலக் கார்களில் பிரேக் என்பது கம்பியும் நெம்புகோலும்தான். நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு விசை போகவேண்டும் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஓயாமல் சரிசெய்ய வேண்டும். ஒன்று தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதற்கான விடை அதற்கு வெகுகாலம் முன்பே காகிதத்தில் இருந்தது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் நூல், அவர் இறந்த பிறகு 1663-ல் வெளியானது. 1795-ல் ஜோசப் பிராமா அதை வைத்து நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

காருக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மால்கம் லாக்ஹீட். ஆமா, விமானக் கம்பெனிப் பேர்ல வர்ற அதே லாக்ஹீட் சகோதரர்கள்ல ஒருத்தர். 1919-ல் விமானத் தொழிலை விட்டு டெட்ராய்ட் போய் பிரேக் கம்பெனி தொடங்கினார். 1921-ல் வந்த டூசன்பெர்க் மாடல் ஏ காரில் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. 1924-ல் கிரைஸ்லர் அதை நடுத்தர வர்க்கத்துக்கு நெருக்கமாக இறக்கியது. லாக்ஹீட்டின் தோல் கப் கசிந்தது. கிரைஸ்லர் பொறியாளர்கள் அந்த இடத்தில் ரப்பர் கப் வைத்தார்கள். ஃபோர்டு மட்டும் 1939 மாடல் வரும்வரை கம்பியை விடவில்லை.

ரப்பர் வந்ததும் புதுச் சிக்கல். மண்ணிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை ஊத வைத்துவிடும். விளக்கெண்ணெய் அப்படிச் செய்யாது. அதனால் அந்தக் கால பிரேக் திரவங்களில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்திருந்தன. நம்ம ஊர்ல "பிரேக் ஆயில்"னு சொல்றோமே, அன்னைக்கு அது பொய்யான பேர் இல்ல. ஆனால் ஆல்கஹால் சீக்கிரம் கொதிக்கும். பிறகு கிளைகால் வகைத் திரவங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. இன்றைய டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய நிலையில் 140. திரவம் மாறிடுச்சு, "ஆயில்"ங்கிற பேர் மட்டும் நம்ம நாக்குல நின்னுடுச்சு. அந்தப் பேரை நம்பி இன்ஜின் ஆயிலை ஊத்தினவங்க இருக்காங்க. உள்ள இருக்குற ரப்பர் எல்லாம் ஊதி, பிரேக் பிடிச்சுக்கும்.

நம்ம ஊர்ப் பங்கும் இதுல பெருசு. 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கர்லிங்கும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. அதே ஆண்டு லாரி, பஸ்களின் ஏர் பிரேக்குக்காக சுந்தரம் கிளேட்டன் வந்தது. தினமும் அந்தப் பாடி பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போறோம், இந்திய பிரேக்கோட வரலாறு அங்க இருக்குன்னு யோசிக்கிறதில்ல.

அந்த ஓட்டை

இப்போ ஓட்டைக்கு வருவோம். பிரேக் போட்டால் சூடு வரும். சூடு திரவத்துக்கு ஏறும். திரவம் விரியும். மூடிய குழாய்க்குள் விரிந்தால் எங்கே போகும்? பேடைத் தள்ளும். அதாவது நீங்கள் மிதிக்காமலேயே பிரேக் பிடிக்கும். அதனால் இன்னும் சூடு, இன்னும் விரிவு. இதைத் தடுக்கத்தான் மாஸ்டர் சிலிண்டரில் அந்த ஈடுசெய் துளை. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால் துளை திறக்கும். விரிந்த திரவம் மேலே இருக்கும் டப்பாவுக்குப் போய்விடும். உப்பளத்துல பாத்திக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல மடை வைப்பாங்க இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலை. மடை அடைஞ்சா தண்ணி திரும்பிப் போக வழி இல்ல.

பிஸ்டன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னால் நின்றாலே போதும், துளை மூடியபடியே இருக்கும். பிஸ்டனைத் தள்ளுவது பூஸ்டரில் இருந்து வரும் ஒரு தண்டு. கால் விசையைப் பெருக்கும் இந்த வேக்குவம் பூஸ்டரை 1927-ல் உருவாக்கியவர் பெல்ஜியத்தின் ஆல்பர்ட் டிவாண்டர். அந்தத் தண்டு ஒரு துளி நீளமாக இருந்தால், கால் எடுத்த பிறகும் யாரோ லேசாக பிரேக் மிதித்துக்கொண்டே இருப்பதுபோல் ஆகிவிடும்.

"கடைசியா எதைக் கழட்டினாங்க?"

வழியில போன ஒருத்தர் சொல்லி, பக்கத்து ஊர்ல இருந்து மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் பைக்ல வந்தார். அப்பா துருக் கதையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு, ஒரே கேள்வி கேட்டார்: "கடைசியா எதைக் கழட்டினாங்க சார்?"

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஆபீஸ்ல சர்வர் விழுந்தா நாங்க கேக்குற முதல் கேள்வியும் அதுதான்: கடைசியா என்ன மாத்தினீங்க? உப்புக் காத்து இந்த ரோட்டுல எப்பவும் இருக்கு. நேத்து மாறினது மாஸ்டர் சிலிண்டர் மட்டும்தான். சோத்துக்காக தினமும் அந்தக் கேள்வியைக் கேக்குற நான், நடுரோட்டுல மறந்துட்டேன்.

அவர் செஞ்சதை வரிசையா சொல்றேன். முதல்ல பெடலைக் கையால அழுத்திப் பார்த்தார். துளி ஆட்டம் இல்ல. அடுத்து, ஜாக்கி போட்டு, சக்கரம் பூட்டியிருக்கும்போதே காலிப்பர்ல பிளீடர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினார். திரவம் பீச்சி அடிச்சது, சக்கரம் உடனே சுத்துச்சு. துருவா இருந்தா திரவத்தை விட்டாலும் சக்கரம் விடாது. ஆக, உள்ள அழுத்தம் சிக்கியிருக்கு. காலிப்பர் நிரபராதி.

எங்க சிக்கியிருக்கு? ஒரு சக்கரம் மட்டும்னா அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள பிஞ்சு அடைச்சிருக்கலாம். எங்களுக்கு ரெண்டு முன் சக்கரமும், பின்னாடி ட்ரம் கூட சூடு. இங்கதான் அந்த மாற்று அச்சு திரும்ப வருது. ஒரு குழாய் உடைந்தாலும் இன்னொன்று வேலை செய்யட்டும் என்று பிரேக்கை இரண்டு தனித்தனிச் சுற்றாகப் பிரிக்கும் முறை, 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்குக் கட்டாயமானது. எங்க வண்டியிலும் ரெண்டு சுற்று, குறுக்காப் பிரிச்சது. தனித்தனியா இருக்குற ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டா, ரெண்டுக்கும் பொதுவான இடத்துலதான் கோளாறு. அவர் டப்பா மூடியைத் திறந்து அடியில இருக்குற ரப்பரைத் தடவினார். ஊதல. ஆக தப்பான ஆயிலும் இல்ல.

கடைசிச் சோதனை. பிளீடரை மூடி, டப்பாவுல திரவம் சேர்த்து, நாலஞ்சு தடவை பிரேக் மிதிக்கச் சொன்னார். சக்கரம் மறுபடியும் இறுகுச்சு. மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோட பிடிக்கிற ரெண்டு நட்டையும் தளர்த்தி, சிலிண்டரை ஒரு நூல் அளவு முன்னாடி இழுத்தார். நாலு சக்கரமும் விட்டுடுச்சு. அவ்ளோதான். தண்டு நீளம். தண்டோட முனை திருகுற மாதிரி இருந்தது, அதை உள்ள திருகி, பெடல்ல கொஞ்சம் ஆட்டம் வர்ற வரைக்கும் சரி பண்ணினார். "நடுவுல வாஷர் போட்டும் ஓட்டுவாங்க சார், அது ஊர் போய்ச் சேர வரைக்கும்தான்"னு சொன்னார்.

பழைய ஒர்க்‌ஷாப்பை நான் திட்டப் போறதில்ல. புதுசா வந்த சிலிண்டரோட பிஸ்டன் குழி பழசு அளவுக்கு ஆழம் இல்ல, அவ்ளோதான். ஆனா அளந்து பார்த்திருக்கணும்.

அண்ணன் கிளம்பும்போது அப்பாகிட்ட சொன்னதைத்தான் மறக்க முடியல: "பிரேக் பிடிச்சுக்கிட்டதால பொழைச்சீங்க சார். இன்னும் சூடேறி ஆயில் கொதிச்சிருந்தா, பெடல் தரைக்குப் போயிருக்கும்." கொதித்த திரவம் ஆவியாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கும், விசை சக்கரத்துக்குப் போகாது. பிடித்துக்கொண்ட பிரேக்குக்கு அடுத்த கட்டம், இல்லாத பிரேக். அப்பா அதுக்கப்புறம் புதுச்சேரி வரைக்கும் பேசவே இல்ல. மறுநாள் பேடையும் திரவத்தையும் மாத்தினோம். காலிப்பர் ரெண்டும் இன்னைக்கும் பழசுதான், நல்லாத்தான் இருக்கு.

உப்பு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லல. கடலோரத்துல ஓடுற வண்டிக்கு காலிப்பர் பின் துரு பிடிக்கும், பிஸ்டன் இறுகும். ஆனா அது பெரும்பாலும் ஒரு சக்கரத்துல, மெதுவா, மாசக்கணக்குல வரும். ரிப்பேர் பண்ணின மறுநாள் நாலு சக்கரத்துலயும் சேர்ந்து வராது.

பிரேக் வேலை முடிஞ்சு வண்டி எடுத்தா, பெடல் டைட்டா இருக்குன்னு உடனே சந்தோஷப்படாதீங்க. கொஞ்சமாவது ஆட்டம் இருக்கான்னு பாருங்க. பத்து கிலோமீட்டர் ஓட்டி, சமதரையில கியரை எடுத்துவிட்டு, வண்டி தானா உருளுதான்னு பாருங்க. சக்கரத்துக்கிட்ட கை கொண்டுபோய், தொடாம, சூடு பாருங்க. இவ்வளவையும் ஊருக்குள்ளயே பண்ணிடுங்க, உப்பளம் வரைக்கும் போக வேண்டாம்.